முப்பத்தொன்றாம் பொதி

ஜீலாங்
24 ஜூலை 1946

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனை அடக்கம் செய்த நாளில் உங்கள் வீட்டு வாசலிலிருந்து இறங்கியவன், இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டைக் காலம் முழுக்க ஏலமே இல்லாமல் சர்க்கார் ஒரே விலைக்கு எல்லாருடைய கம்பளியையும் வாங்கிக் குவித்ததே, அதை விற்றுத் தீர்க்க இப்போது ஒரு கழகம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கழகத்தின் கிடங்கில் எனக்கு வேலை. செப்டம்பரில் ஏலம் மறுபடி திறக்கிறது. புதுக் கம்பளியோடு பழையதையும் கொஞ்சம் கொஞ்சமாக விடப்போகிறார்கள். அதற்கு முன் பழைய பொதிகளை அறுத்துப் பார்த்து, தரம் சரிதானா என்று சோதிக்கிறோம்.

போன வியாழக்கிழமை மூன்றாம் மாடியில் ஒரு பொதியை அறுத்தார்கள். மர்ரிங்கா பண்ணை, 1941, எண் 31, முதல் தரம். உங்கள் பண்ணை முத்திரை, அதன் கீழே தரம் பிரித்தவன் என்று என் அச்சுத் தகட்டு எண். மேலே ஒரு முழம் நல்ல கம்பளி. அதற்குக் கீழே வயிற்று மயிர், மூத்திரக் கறை படிந்தது, புழுக்கை ஒட்டியது எல்லாம் கலந்து கிடந்தது. இதற்கு இந்தத் தொழிலில் ஒரே பெயர்தான். கள்ளப் பொதி.

இத்தனை வருடம் தெரியாமல் போனதற்குக் காரணம், அன்று மதிப்பிட்டவர்கள் பத்துப் பொதிக்கு ஒன்றைத்தான் திறந்தார்கள். திறந்தவற்றில் இது அகப்படவில்லை.

எங்கள் மேலதிகாரி திரு. பெல்லமி அறிக்கை எழுதுகிறார். அதில் பொறுப்பாளி என்று ஒரு பெயர் போட்டாக வேண்டும். இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். கம்பளியைப் பிரஸ்ஸில் அமுக்கிப் பொதி கட்டியவர் அண்ணன்தான், காலஞ்சென்ற கிளாரன்ஸ் டக்கெட், அது வேறு யாருக்கும் தெரியாது என்று அதில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும், விஷயம் மூடிவிடும். இறந்தவர் மேல் யாரும் நடவடிக்கை எடுக்க முடியாது.

எனக்கும் அன்று எதுவும் தெரியாது. தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்.

பெர்ஸி


மர்ரிங்கா, பால்ரனால்ட் வழி
30 ஜூலை

பெர்ஸி,

உன் காகிதம் வந்தது. அதை அடுப்பில் போடவில்லை. போடத்தான் எழுந்தேன், அதில் அவர் பெயர் இருந்ததால் போடவில்லை. கையெழுத்தும் போடவில்லை, போடவும் மாட்டேன்.

நான் மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனவள். உன்னைப்போல் சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நேராகவே கேட்கிறேன். செத்தவர் வாய் திறக்க மாட்டார் என்றுதானே இதை அவர் தலையில் கட்டுகிறாய்?

அடக்கம் அன்று நான் சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். நானும் மறக்கவில்லை. நீ சமையலறையில் தேம்பித் தேம்பி அழுதாய். நான், “போதும் பெர்ஸி, இவ்வளவு அழுகை எதுக்கு? பெத்த பையன் செத்துட்டான்னு தந்தி வந்த அன்னிக்கே பிரஸ்ஸுக்குத் திரும்பிப் போன மனுஷன் அவரு, கல்லு” என்று சொன்னேன். நீ தொப்பியை எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு இரண்டு தடவை ஆட்டுமயிர் கத்தரிப்பு நடந்துவிட்டது. நீ வரவில்லை. தரம் பிரிக்க ஹே ஊரிலிருந்து யாரோ ஒரு குடிகாரனைக் கூட்டிவந்தேன்.

சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உன் அண்ணன் இரக்கமில்லாதவர்தான். பையன் லெஸ் போனதற்கு அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து நான் பார்க்கவில்லை. ஆனால் திருடர் இல்லை. பக்கத்துப் பண்ணை ஆடு நம் வேலிக்குள் வந்தால் நாலு மைல் ஓட்டிக்கொண்டு போய் விடுகிறவர். அவர் பெயரைக் கள்ளப் பொதி என்று எழுதிக் கிடங்குச் சுவரில் ஒட்டுவார்கள். கம்பளி வாங்க வருகிற ஒவ்வொருத்தனும் அதைப் படிப்பான். அதற்கு நான் கையெழுத்துப் போடுவேனா?

மழை பெய்திருக்கிறது. புல் முழங்கால் அளவு. அவர் இருந்து பார்த்திருக்கலாம்.

ஐவி டக்கெட்


ஜீலாங்
5 ஆகஸ்ட்

அண்ணி,

உங்கள் கடிதத்தை தெல்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் அவள் தூங்க மாட்டாள். ஐந்து பிள்ளைகள். எனக்கு இந்த வேலை கிடைத்து நாலு மாதம்தான் ஆகிறது.

நிலைமை உங்களுக்குப் புரியவில்லை. முந்தாநாள் பெல்லமி என்னை அந்தப் பொதிக்கு முன்னால் நிற்க வைத்து, இருபது பேர் கேட்கப் பேசினார்.

“இது யார் தகடு, டக்கெட்?”

“என்னுதுதான், சார்.”

“யார் பண்ணை?”

“எங்க அண்ணனுது.”

“பையனைச் சண்டைக்குக் குடுத்த வீடுன்னு பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சியே. அதே வருஷம் அதே நாட்டுக்குச் சாணியை முதல் தரம்னு வித்திருக்கீங்க. நல்ல குடும்பம்யா!”

மாடி முழுக்க ஒரே சிரிப்பு.

அவர் இதைத் தற்செயல் என்று நம்பவில்லை. ஏன் என்றால் அழுக்கு சிதறிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டின் வயிற்று மயிரையும் அந்தந்த ஆட்டு மயிருக்கு உள்ளேயே வைத்து, சுருட்டாமல், இரண்டு பக்கமும் மடித்து, கீழ் முனையை மேலே கொண்டுவந்து உள்ளே செருகியிருக்கிறது. நாற்பதுக்கு மேல், எல்லாம் ஒரே மாதிரி. “இவ்வளவு பொறுமையா ஒளிச்சு வைக்கிறவன் கைதேர்ந்த திருடன்யா” என்றார்.

மூன்று வழிதான் இருக்கிறது. பொறுப்பு தரம் பிரித்தவன் மேல் என்றால் என் தகட்டைப் பிடுங்கிக்கொண்டு வேலையையும் எடுத்துவிடுவார்கள். பண்ணைக்காரர் மேல் என்றால் மர்ரிங்கா முத்திரை கறுப்புப் பட்டியலில் போகும். உங்கள் பொதி ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்ப்பார்கள், ஏலத்தில் எல்லாரும் வாங்கி முடித்த பிறகு கடைசியில் வைப்பார்கள். ஏழு வருடம் கழித்து வருகிற முதல் ஏலம் இது. மூன்றாவது வழியில் யாருக்கும் நஷ்டமில்லை.

நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் பண்ணைக்காரர் என்று நானே சொல்ல வேண்டி வரும். மிரட்டுவதாக நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

பெர்ஸி


மர்ரிங்கா
12 ஆகஸ்ட்

பெர்ஸி,

மிரட்டல்தான். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சூடாக ஒரு பதில் எழுதி உறையிலும் போட்டுவிட்டேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

இரண்டு பக்கமும் மடித்து, கீழ் முனையை மேலே கொண்டுவந்து உள்ளே செருகி.

கம்பளியை யாரும் அப்படி மடிப்பதில்லை. மேஜையில் விரித்துப் போட்டு, ஓரத்தைக் கிழித்து எறிந்துவிட்டுச் சுருட்டுவோம். இது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினெட்டு வருடம் அந்த மேஜையில் நின்றவள். அப்படி நான் என் வாழ்க்கையில் ஒன்றைத்தான் மடித்திருக்கிறேன். லெஸ் எட்டு வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டான். பால்ரனால்ட் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தாள், சூடு வெளியே போகாமல் துணியில் எப்படிச் சுற்றுவது என்று. இரண்டு பக்கமும், பிறகு கால்மாட்டு முனையை மேலே கொண்டுவந்து உள்ளே செருக வேண்டும்.

கத்தரிப்புக் கொட்டகை நோட்டைத் தேடி எடுத்தேன். உன் அண்ணன் கையெழுத்தில் இருக்கிறது. எண் 31, செப்டம்பர் 11, பிற்பகல்.

அது தந்தி வந்த நாள். போஸ்ட்மாஸ்டர் ஓக்ஸ் கார் எடுத்துக்கொண்டு வந்தார், இரண்டு மணி இருக்கும். கத்தரி ஓட்டுகிற இஞ்சினை நிறுத்தாதீங்க என்று நான் கத்தினது ஞாபகம் இருக்கிறது. இருட்டின பிறகு என் கைகளில் ஆட்டெண்ணெய் பிசுபிசுத்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் இல்லை.

நான்தான் செய்திருக்கிறேன் பெர்ஸி. உன் பெல்லமிக்கு எழுதப் போகிறேன்.

ஆனால் ஒன்று. மேஜையில் நான் நின்றால் நீ என்னிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்பாய். நான் எடுத்துக் கொடுப்பது ஒவ்வொன்றும் உன் கையைத் தாண்டித்தான் அந்தந்தத் தரத்துத் தொட்டிக்குப் போகும். எதுவும் தெரியாது என்று எழுதினாயே. என் முகத்துக்கு நேராகச் சொல்வாயா அதை?

ஐவி


ஜீலாங்
17 ஆகஸ்ட்

அண்ணி,

பெல்லமிக்கு எழுதாதீர்கள். எழுதிவிட்டீர்கள் என்றால் தந்தி அடியுங்கள், தபால் வருமுன் நான் ஏதாவது செய்து பார்க்கிறேன்.

தெரியாது என்றது பொய். தெரியும். இதை உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. நீங்கள் பாதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பாதியோடு உங்களை விடுவது பாவம்.

ஓக்ஸ் போனதும் கத்தரிக்காரர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பெரிய மக்கே இஞ்சினை அணைக்கப் போனான். நீங்கள்தான், “நிறுத்தாதீங்க, பட்டியில ஆடு நிக்குது, அதுங்க என்ன பண்ணுச்சு” என்றீர்கள். அண்ணன் வெளியே போனார். வேலிப் பக்கம் போய் அங்கேயே நின்றார், முதுகு மட்டும் தெரிந்தது. இஞ்சின் ஓடியது. நீங்கள் மேஜைக்கு வந்தீர்கள்.

முதல் ஆட்டு மயிரை நீங்கள் மடித்தபோதே பார்த்தேன். “அண்ணி, வயித்து மயிர் அந்தப் பக்கம் போகணும்” என்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. “கூடவே இருக்கட்டும்” என்றீர்கள். கறை படிந்ததை எடுக்கக் கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டீர்கள். “கூடவே இருக்கட்டும், பெர்ஸி.” நான் கையை இழுத்துக்கொண்டேன். கத்தரிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீங்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் முதல் தரத் தொட்டியில் வைத்தீர்கள். போடவில்லை, வைத்தீர்கள்.

அண்ணன் திரும்பி உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார். பிரஸ்ஸில் அன்று கூலிக்கு நின்றவன் ஆர்தர், ஞாபகம் இருக்கும், வாய் ஓயாதவன். அவன் ஒன்றைக் கையில் தூக்கி, “இது என்ன கூத்து, பாஸ்?” என்றான். அண்ணன் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ போய் டீ குடி. இன்னிக்கு நான் அமுக்கிக்கிறேன்” என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய், “அண்ணே, இதை முதல் தரம்னு அனுப்ப முடியாது, தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாங்க” என்றேன்.

அவர் சொன்னது இது: “அவ மடிச்சதை நான் பிரிக்க மாட்டேன். எவனையும் பிரிக்க விடவும் மாட்டேன். நீ முத்திரை குத்துறியா, நானே குத்தட்டுமா?”

குத்தினேன்.

அவர் அமுக்கினார். அழுதுகொண்டே அமுக்கினார் அண்ணி. சத்தம் வெளியே கேட்காதபடி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு முழம் நல்ல கம்பளி போட்டு மூடியதும் அவர்தான்.

பிறகு என்னிடம், “அவளுக்கு இது தெரியவே கூடாது. நான் வேலைக்குத் திரும்பிட்டேன்னு கோவம் இருந்தா இருக்கட்டும். கோவத்துலயாவது எந்திரிச்சு நிப்பா” என்றார். அடக்கம் அன்று நீங்கள் கல் என்று சொன்னபோது எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அதனால்தான் இறங்கிப் போனேன். கோபித்துக்கொண்டு போகவில்லை.

காகிதத்தில் அவர் பெயரைப் போட்டதும் அதனால்தான். உயிரோடிருந்தால் அவரே தன் பெயரைப் போடச் சொல்லியிருப்பார். அதை நான் என் வேலைக்காகப் பயன்படுத்திக்கொண்டேன், அதுவும் உண்மை.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவர் விருப்பம் அது.

பெர்ஸி


ஜீலாங்
29 ஆகஸ்ட்

அண்ணி,

பன்னிரண்டு நாளாகக் கடிதம் இல்லை. மர்ரிங்காவுக்குத் தந்தி அடித்தேன், ஓக்ஸ் வீடு பூட்டியிருக்கிறது என்கிறார். கத்தரிப்புக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனீர்கள்? உடம்பு சரியில்லையா? ஓக்ஸிடம் மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெல்லமி நாளைக்கு அறிக்கையை மூடுகிறார். காகிதம் காலைத் தபாலில் வராவிட்டால் என் பெயரையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பண்ணைக்காரர் என்று சொல்ல மாட்டேன். அதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

பெர்ஸி


மெல்பர்ன், ரயிலடித் தங்கும் விடுதி
30 ஆகஸ்ட், வெள்ளி

பெர்ஸி,

நீ பால்ரனால்டுக்கு எழுதியிருப்பாய், அது நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் இங்கே இருக்கிறேன். இன்று ஜீலாங் வந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. நீ சாப்பாட்டுக்கு வெளியே போகிற வரை எதிர்ப்பக்கம் மீன் கடை வாசலில் நின்றேன், பிறகு உள்ளே போனேன். உன்னைப் பார்த்திருந்தால் நீ என்னைத் தடுத்திருப்பாய், நானும் தடுக்க விட்டிருப்பேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு நாலு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. நாய்க்குச் சோறு வைத்தேன், அவ்வளவுதான். ஐந்து வருடம் அந்த மனிதரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டு, உப்பைக் கொடு என்பதைத் தவிர ஒன்றும் பேசாமல் இருந்தேன். மூன்று வருடம் என்று சொல்ல வேண்டும், பிறகு அவர் போய்விட்டார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுகூட, “என்ன இப்போ” என்றுதான் கேட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

சரி, கிடங்கு. பெல்லமி நினைத்ததைவிடக் குள்ளம். நான் யார் என்று சொன்னதும் நாற்காலி கொடுத்தார். நான்தான் அந்தப் பொதியை நிரப்பினது என்றேன். அவர் நம்பவில்லை.

“அம்மா, உங்க கொழுந்தனைக் காப்பாத்த வந்திருக்கீங்க. எனக்குப் புரியுது. நானும் குடும்பம் உள்ளவன்தான்.”

“அவனைக் காப்பாத்த எனக்கு என்ன தலையெழுத்து. அந்தப் பொதியைக் காட்டுங்க” என்றேன்.

மூன்றாம் மாடி. தரையில் பரப்பிப் போட்டிருந்தார்கள். பாதியைப் பிரித்துவிட்டார்கள், பாதி மடித்தபடியே இருந்தது. ஐந்து வருடம் அமுங்கிக் கிடந்ததில் தட்டையாகியிருந்தது, மற்றபடி செருகினது செருகினபடி. ஆட்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் மேஜையில் ஒரு ஆட்டு மயிரைப் போடச் சொன்னேன், ஓரமும் வயிற்று மயிரும் கழிக்காததாக. போட்டார்கள். நான் மடித்துக் காட்டினேன். இடப்பக்கம், வலப்பக்கம், கால்மாடு மேலே. தரையில் கிடந்தவற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. பிள்ளை பெற்றவன் ஒருத்தன் அவர்களில் இருந்திருப்பான். அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு மற்றவர்களும்.

பெல்லமி குனிந்து கண்ணாடியைத் துடைத்தார். “எந்தத் தேதி அது?” என்று கேட்டார். சொன்னேன். தந்தி வந்ததையும் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு என்னை அம்மா என்று வேறு மாதிரி கூப்பிட்டார்.

ஆனாலும் சட்டம் சட்டம்தானாம். மர்ரிங்கா முத்திரை இரண்டு வருடம் பட்டியலில் இருக்கும். இந்த ஏலத்தில் நம் கம்பளி கடைசியில்தான் வரும், வரட்டும். உன்னைப் பற்றிக் கேட்டார். மறைக்கவில்லை. “பார்த்தான், தடுத்தான், நான் கையைத் தட்டிவிட்டேன், அப்புறம் முத்திரை குத்தினான்” என்றேன். ஒரு பருவம் உன் தகட்டை நிறுத்தி வைக்கிறார்கள். கிடங்கு வேலை போகாது, மூட்டை தூக்குகிற பக்கம் மாற்றுகிறார்கள். தெல்மா என்னைத் திட்டுவாள், திட்டட்டும்.

கடைசியில் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார். நிரப்பியவர், ஐவி டக்கெட். அமுக்கியவர் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தார்.

“எங்க வீட்டுக்காரர் பேரை எழுதுங்க” என்றேன்.

“வேண்டாம்மா. அவர் போய்ச் சேர்ந்துட்டார். சுவத்துல ஒட்டுற காகிதம் இது.”

“ஒட்டத்தானே போறீங்க. எழுதுங்க.”

எழுதினார். கிளாரன்ஸ் டக்கெட். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், எனக்கு ஒரு உதவி செய்கிறதாக நினைத்துக்கொண்டு, “விவரம் தெரியாம அமுக்கினார்னு பக்கத்துல சேர்த்துடறேன், களங்கம் இல்லாம இருக்கும்” என்றார்.

“இல்லை சார்” என்றேன். “தெரிஞ்சேதான் அமுக்கினார். அப்படியே எழுதுங்க.”

ஐவி